டாங்கி நின்றது, தரைதான் கெட்டது: பழைய போர்க்கள டயோராமாவைத் திருத்தி 7 ஆண்டுகள்

2009இல் நான் செய்த முதல் டயோராமா (ஒரு காட்சியைச் சிறிய அளவில் காட்டும் மாதிரி) இன்னும் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. 1/35 அளவில் (அசலில் 35இல் ஒரு பங்கு) ஒரு ஜப்பானிய டைப் 97 சி-ஹா டாங்கி, இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், நடுவே மலேசியாவின் பேராக் மாநிலத்தில் துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் என்ற ஊருக்கு இறங்கும் சடக்கு (சாலை). 2017இல் அதை முழுக்கப் பிரித்துத் திரும்பக் கட்டினேன். அதற்குப் பிறகு 7 ஆண்டு அதே அலமாரியில் வைத்துப் பார்த்த அனுபவம் இது. புதிதாகச் செய்து முடித்த அன்று எல்லாமே அழகாகத்தான் இருக்கும். நம் ஊர் ஈரத்தில் எது நிற்கிறது என்பது மூன்றாவது மழைக்காலத்துக்கு மேல்தான் தெரியவரும்.

இந்தக் காட்சியை எடுத்ததற்குக் காரணம், நான் இந்த ஊர்க்காரன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைத் தாக்கியபோது, 1942 ஜனவரி 7ஆம் தேதி, விடிய இன்னும் சில மணி நேரம் இருக்கும்போது, ஜப்பானிய மேஜர் ஷிமாடாவின் டாங்கிகள் இந்தச் சாலை வழியே புகுந்தன. சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுகள் தோட்டத்துக்குள்ளும் காட்டுக்குள்ளும் அப்படியே கிடந்தன. தடுப்பு வைத்த இடங்களில் டாங்கிகள் அந்த வளைவுகளில் இறங்கிச் சுற்றி வந்துவிட்டன. மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இல்லை. காலைக்குள் 11வது இந்தியப் படைப்பிரிவு சிதறிப்போனது. ஹைதராபாத், பஞ்சாப், கூர்க்கா படையணிகள், ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படையினர் எல்லாரும் இங்கே நின்றவர்கள். என் பழைய டயோராமாவில் பள்ளத்தில் படுத்திருந்த 4 சிப்பாய்களும் வெள்ளைக்காரர்கள். பெட்டியில் அந்தப் பொம்மைகள்தான் இருந்தன, நானும் அப்படியே ஒட்டியிருந்தேன்.

2017இல் கண்ணாடியைத் திறந்தபோது நிலைமை இதுதான். அடிப்பலகை எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), ஓரமெல்லாம் ஈரம் குடித்து உப்பியிருந்தது. தோட்டத்துச் செம்மண்ணை வெள்ளைப் பசையில் குழைத்துப் பூசிய தரையில் சாம்பல் நிறப் பூஞ்சணம். உதிர்ந்த இலைக்காக நிஜச் சருகைத் தூளாக்கிப் போட்டிருந்தேன். பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. கால்வாய்த் தண்ணீருக்கு ஊற்றிய எபாக்ஸி பிசின் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் வினைல் சங்கிலி, தொட்டுக்கொண்டிருந்த சக்கரங்களை உருக்கிப் பள்ளம் போட்டிருந்தது. சில வகை வினைலில் இருக்கும் இளக்கி (அதை வளையவைக்கும் வேதிப்பொருள்) மெல்ல வெளியேறி, டாங்கி மாதிரியின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைத் தின்னும். இது சங்கிலி விஷயத்தில் பலருக்கும் நேர்வதுதான். அதைத் தவிர டாங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரிக்கும் வேலையில் இரண்டு முறைகளை நம்பிச் சொல்லலாம். வெள்ளைப் பசையில் ஒட்டியதற்கு ஈரத்துணியை இரவு முழுக்கப் போர்த்தி வைத்தால் போதும், காலையில் கரண்டியால் வழித்தெடுக்கலாம். சூப்பர் பசையில் ஒட்டியதை பிளாஸ்டிக் பையில் கட்டி உறைபெட்டியில் 2 மணி நேரம் வைத்தேன். குளிரில் அந்தப் பசை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. லேசாகத் திருகினால் 'டக்'கென்று விடுபடும். பொம்மைகளின் பாதம்கூட உடையவில்லை.

டாங்கியின் பெயிண்டை நான் உரிக்கவில்லை. பழைய எனாமலை உரிக்கப் போனால் நட்டு, ஆணி விவரமெல்லாம் மழுங்கும் என்று பயந்தேன். மெல்லிய அக்ரிலிக் பூச்சு ஒன்று கொடுத்து, காக்கி, பழுப்பு, பச்சைத் திட்டுகளை மீண்டும் வரைந்தேன். அந்தக் காலத்து ஜப்பானிய டாங்கிகளின் மஞ்சள் பட்டையையும் இந்த முறை சேர்த்தேன். வினைல் சங்கிலிக்குப் பதில் கண்ணி கண்ணியாகக் கோக்கும் பிளாஸ்டிக் சங்கிலி. ஒரு வார இறுதி முழுக்க அதற்கே போனது. ஆனால் 7 ஆண்டில் ஒரு கண்ணிகூட விடவில்லை.

பெரிய வேலை மரங்களில்தான் இருந்தது, அதை எனக்குக் காட்டியது அம்மா. அம்மா 20 வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். மேசையில் பிரித்துப் போட்டிருந்த மரங்களில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "என்னா தம்பி, வெட்டு மாறிக் கெடக்கு? இடது பக்கம் மேல இருந்து வலது பக்கம் கீழ இறங்கணும்" என்றார். நான் எல்லா மரத்திலும் எதிர்ப்பக்கமாகக் கீறியிருந்தேன். பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபட்டுப் பால் நன்றாக வடியும். அப்புறம் பலகையைப் பார்த்து, "இது காடு. தோட்டத்துல மரம் நிரையா நிக்கும்" என்றார். 8 ஆண்டு இந்த டயோராமாவைத் தினமும் பார்த்த எனக்கு இந்த இரண்டும் படவே இல்லை. டாங்கியில் எத்தனை ஆணி என்று எண்ணிய நான், பிறந்த மண்ணின் மரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது அன்று ரொம்ப வருத்தமாக இருந்தது.

20 மீட்டர் ரப்பர் மரம் 1/35இல் 57 சென்டிமீட்டர் வரும். 16 சென்டிமீட்டருக்குள் அடங்கும் டாங்கி அதன் காலடியில் தொலைந்துபோகும். அதனால் தண்டுகளை 20 சென்டிமீட்டரில் நிறுத்திக்கொண்டேன், தழை இல்லை. 7 மில்லிமீட்டர் மரக்குச்சியில் மெல்லிய புட்டி (நிரப்புப் பசை) பூசி, காய்வதற்குள் பல் துலக்கும் பிரஷால் பட்டையை வரைந்து, அம்மா சொன்ன பக்கம் வெட்டைக் கீறினேன். பால் வடியும் மங்குகளுக்கு (கிண்ணங்களுக்கு) அலுமினியத் தாளை வட்டமாக வெட்டி, பந்துமுனைக் கம்பியால் அழுத்திக் குழி செய்தேன். ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர். நூல் கட்டி நிரை பிடித்து மரங்களை நட்டதும் காட்சியே மாறிவிட்டது. சாலையில் வரும் டாங்கிக்கு இரண்டு பக்கமும் நேர்கோடுகள் ஓடுகின்றன, பார்ப்பவர் கண் அந்தச் சந்துக்குள் இழுபடுகிறது.

சரி, 7 ஆண்டில் எது நின்றது? அடிப்பலகைக்கு எம்டிஎஃப் வேண்டவே வேண்டாம். அடர்நுரைப் பலகையை அக்ரிலிக் தகட்டின் மேல் ஒட்டினேன், இன்றுவரை ஒரு மில்லிமீட்டர்கூட வளையவில்லை. செம்மண்ணை விட எனக்கு மனமில்லை, அதன் நிறம் எந்தப் பெயிண்ட் பாட்டிலிலும் வராது. மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, அடுப்பில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, வெள்ளைப் பசைக்குப் பதில் மங்கலான அக்ரிலிக் மீடியத்தில் குழைத்து, மேல்தோலாக மட்டும் பூசினேன். பூஞ்சணம் ஒரே ஒரு மூலையில், 2021 கடைசியில் விடாமல் மழை பெய்தபோது வந்தது. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்ததோடு சரி. சருகுக்குத் தாளில் பெயிண்ட் அடித்து வெட்டிப் போட்டேன், பூச்சி தொடவில்லை. கால்வாய்க்குப் பளபளப்பான அக்ரிலிக் ஜெல். மஞ்சளாகவில்லை, ஆனால் ஆழம் தெரிவதில் எபாக்ஸிக்கு ஈடில்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பை இரண்டு. நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் எடுத்து அடுப்பில் காயவைப்பேன். மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மற்ற நாளில் இரண்டு மாதம் தாங்கும். ஈரமானி முன்பு 80 சதவீதம் காட்டும், இப்போது 60ஐ ஒட்டி நிற்கிறது. செலவிட்டதில் இந்த ஈரமானிதான் எனக்கு அதிகம் உதவியது. முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

சிப்பாய்களில் இரண்டு பேரை மாற்றிவிட்டேன். இரண்டு பாகப் புட்டியில் தலைப்பாகை சுற்றி, முகத்தை நம் நிறத்துக்குக் கொண்டுவந்து, பஞ்சாப் படையணி ஆட்களாக்கினேன். கூர்க்கா ஒருவரைச் செய்ய மூன்று முறை முயன்றும் தொப்பியின் சாய்வு திருப்தியாக வரவில்லை. அவர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

போன மாதம் தூசு தட்டும்போது ஒரு மங்கு கழன்று விழுந்தது. அம்மா ஊசி முனையில் எடுத்துக் கொடுத்தார். நான் பழையபடி நிமிர்த்தி ஒட்டப் போனேன். "சண்ட நடக்குறப்ப யாரு பால் எடுக்கப் போனா? கவுத்து வையி" என்றார். மீதி 10 மங்குகளையும் கழற்றிக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன். 6 முடிந்தது.