காட்பாடியில் இறங்கிய பிறகு: டவுன் பஸ்ஸோடு ஒரு நீண்ட பழக்கம்

சென்னை நண்பன் ஒருவன் முட்டி வலிக்காரரான அவனுடைய அப்பாவை வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறான். "காட்பாடியில் இறங்கினால் வேலூருக்கு எதில் வருவது?" என்று கேட்டான். வேலூர் பாகாயத்தில் குடியிருந்துகொண்டு வேலைக்காக காட்பாடி ரயிலையே நம்பியிருக்கிற என்னிடம் இதைக் கேட்டால் ஒரு வரியில் பதில் வருமா?

ரயிலைப் பற்றிக் குறையில்லை. சென்ட்ரலிலிருந்து 130 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் என்றால் சுமார் இரண்டு மணி நேரம். தொல்லை அதற்கு அப்புறம்தான். பெரிய ஸ்டேஷன் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், கோட்டையும் ஆஸ்பத்திரியும் கடைத்தெருவும் இந்தப் பக்கம்.

இந்த இடைவெளிக்கு என் வாகனம் 1, 2 நம்பர் டவுன் பஸ். காட்பாடியில் ஏறினால் சில்க் மில், விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், அப்படியே சிஎம்சி, பழைய பஸ் ஸ்டாண்ட், தொரப்பாடி, பாகாயம். எங்கும் மாற வேண்டாம். வேலூரில் ஒரு ஆளுக்குத் தேவைப்படுகிற இடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே தடத்தில் வந்துவிடும். வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்கள் சூட்கேஸோடு ஏறுவார்கள். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கண்டக்டர் அரைகுறை இந்தியில் சொல்லிக் கொடுப்பார். இதையெல்லாம் நான் மனசாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த உருட்டல் இருக்கிறதே! இதே பாதையில் ஓடும் தனியார் பஸ்களைச் சொல்கிறேன். கிளம்பிவிட்டது என்று நினைப்போம்; பஸ் மட்டும் நடக்கிறவரோடு சேர்ந்து நடக்கும். சந்திலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால் நிற்கும். அவர் ஏற மாட்டார், யாருக்கோ வழி காட்ட வந்தவராக இருப்பார். விருதம்பட்டு வரைக்கும் இதே கதை. அப்புறம் கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ் தெரிந்ததும் டிரைவருக்கு உயிர் வந்துவிடும். ஊர்ந்த வண்டி பாலத்தில் பறக்கும், கம்பியைப் பிடிக்காதவன் முன் சீட்டுக்காரர் மடியில் இருப்பான். முதலில் பொறுமை போகிறது, பிறகு உயிர்ப் பயம் வருகிறது. மெதுவாக என்றால் மெதுவாகவே போகட்டும், வேகம் என்றால் முதலிலிருந்தே வேகம். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் யார் கேட்டார்கள்?

என் மனைவிக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. 2021-இல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்ததிலிருந்து தனியார் பஸ் எத்தனை வந்தாலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "போனால் போகட்டும், நம்ம வண்டி வரும்" என்று நிற்பாள். நான் அவசரப்பட்டு முன்னால் வந்ததில் ஏறுவேன். பல நாள் இருவரும் ஒன்றாகத்தான் வீடு சேருகிறோம்.

நியாயமாகச் சொன்னால் ஆறும் ஒரு காரணம். ஒரு ஊரின் இரண்டு பாதியும் பாலத்தில் வந்துதானே சேர வேண்டும், நெரிசல் இல்லாமல் எப்படி இருக்கும்? பாலாற்றில் வருஷம் பூராவும் மணல்தான் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2021 நவம்பர் வெள்ளம் பதில் சொன்னது. அடுத்த மாதமே திருவலம் பக்கம் பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது கண்டு ரயில்களை நிறுத்தினார்கள். அந்த நாட்களில் இந்த உருட்டல் பஸ்கூட எனக்குத் தெய்வமாகத்தான் தெரிந்தது.

ஆற்றைச் சாலையில் தாண்டாமலே வர ஒரு வழி இருக்கிறது. வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை வந்துகொண்டிருந்த சென்னைக் கடற்கரை மெமு மின்சார ரயில் 2024 மே மாதத்திலிருந்து திருவண்ணாமலை வரை போகிறது. காட்பாடியில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் கன்டோன்மென்டில் இறங்கலாம். நிதானமான வண்டி, நேரம் ஒத்து வந்தால் மட்டும்.

இத்தனை வருஷமாக ஏறிக்கொண்டிருக்கிறேன், இனியும் ஏறுவேன். ஆனால் நண்பனுக்கு எழுதிய பதிலில் பஸ் பேச்சையே எடுக்கவில்லை. நேற்று சாயங்காலம் முழங்கையில் வாங்கிய இடி இன்னும் வலிக்கிறது. முட்டி வலிக்கிற அவன் அப்பாவை அதில் ஏற்றச் சொல்ல மனம் வரவில்லை. ஷேர் ஆட்டோவும் வேண்டாம், ஆள் சேருகிற வரை நிற்கும். தனி ஆட்டோ பிடி, ஏறுவதற்கு முன்னாலேயே "சிஎம்சி வாசல் வரைக்கும் மொத்தமாக எவ்வளவு" என்று கேள், ராத்திரி ரயிலில் மட்டும் வராதே என்று எழுதி அனுப்பிவிட்டேன்.