பம்பை எண்ணுவதா, பாய்ச்சலை அளப்பதா?

முதியோரின் வெள்ளை அணுக்களில் சோடியம்–பொட்டாசியம் பம்பை (செல் சவ்வில் இந்த அயனிகளை உள்ளும் புறமும் கடத்தும் புரதத்தை) ஆராய விரும்பும் பாளையங்கோட்டை மாணவருக்கு இரண்டு வழிகள் உண்டு. பம்பை முடக்கும் தாவர நஞ்சான ஊவாபெயினைக் கதிரியக்கக் குறியிட்டு இட்டால், அது பம்பின்மேல் ஒட்டிக்கொண்டு பம்புகளின் எண்ணிக்கையைக் காட்டும். தாமிரபரணி வாய்க்காலோரம் மோட்டார்களை மட்டும் எண்ணிவிட்டு வருவது போன்றது அது. (நம் வேலியோர அரளியின் நஞ்சும் இதே பம்பைத்தான் முடக்குகிறது.) ருபீடியம் உள்ளேறும் வேகத்தை அளப்பதோ, பாயும் தண்ணீரையே அளப்பதாகும்: பொட்டாசியத்துக்குப் பதிலாகப் பம்பு ருபீடியத்தையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், ஊவாபெயின் இட்ட மாதிரியில் நுழைந்த அளவைக் கழித்தால் பம்பின் பங்கு மட்டும் மிஞ்சும். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஒன்றின் செலவில் 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் இந்தப் பம்பு, முதுமையில் மைட்டோகாண்ட்ரியா தளர்ந்து ஏடிபி குறைந்தால், எண்ணிக்கை மாறாமலேயே மெதுவாக ஓடக்கூடும். ஆகவே நான் ருபீடியத்தையே தேர்வேன். கதிரியக்கக் குறியிடாத சாதாரண ருபீடியத்தை அணு உறிஞ்சல் நிறமாலைமானியிலேயே அளந்துவிடலாம்.