உறையில் வந்த ஐம்பது முட்டைகள்: நோத்தோபிராங்கியஸ் குந்தெரி வாங்கிய அனுபவம்

மீன் வாங்கினேன் என்றால் தொட்டி எங்கே என்று கேட்கும் என் வீட்டார், இந்த முறை ஒரு கைப்பிடி தேங்காய் நார்த்தூளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்கள். நானூற்றைம்பது ரூபாய்க்கு, கூரியர் கட்டணம் தனியாக, ஐம்பது கில்லிமீன் முட்டைகள் கொண்ட அந்தச் சிறு பை டிசம்பர் 20 அன்று சென்னைக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் பெங்களூரில் வீட்டு மாடியில் மீன் வளர்ப்பவர். குறை ஒன்றும் சொல்ல வேண்டியிருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

முட்டைகள் நோத்தோபிராங்கியஸ் குந்தெரி என்னும் இனத்தைச் சேர்ந்தவை. 1893-இல் பெயர் சூட்டப்பெற்ற இந்த மீன் தான்சானியாவின் சான்சிபார் தீவுக்கு உரியது. மழையில் நிறைந்து கோடையில் வற்றிப்போகும் குட்டைகளில் வாழ்வது. குட்டை காயும்போது பெரிய மீன்கள் அனைத்தும் மடிந்துவிட, சேற்றில் புதைந்த முட்டைகள் மட்டும் வளர்ச்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். உயிருள்ள மீனைத் தண்ணீர்ப் பையில் அனுப்பும் சிரமமின்றி ஈரத்தூளில் பொதிந்து அனுப்ப முடிவது இதனால்தான். (கில்லி என்றதும் நம் தெருவில் அடித்த கில்லியை நினைக்க வேண்டாம், டச்சு மொழியில் சிற்றோடையைக் குறிக்கும் ‘கில்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் இது.)

பொதியும் முறையில் விற்பவருக்கு முழு மதிப்பெண் தரலாம். நார்த்தூளை நன்றாகக் கொதிக்கவைத்து, சாயம் போகக் கழுவியிருந்தார் என்பது பையைத் திறந்தபோதே தெரிந்தது. தூளை இறுகப் பிழிந்தால் ஒரு சொட்டும் வரவில்லை, ஆனால் விரலில் ஈரம் தட்டியது. கடையில் புதிதாக வாங்கிய புகையிலையின் பதம் என்று சொல்லலாம். வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் ஒவ்வொன்றாக எண்ணியதில் ஐம்பத்து மூன்று முட்டைகள் கிடைத்தன. மூன்று பூஞ்சை பிடித்து வெளுத்திருந்தன. எஞ்சிய ஐம்பதும் கண்ணாடி மணிபோலத் தெளிவாக இருந்தன. சொன்ன எண்ணிக்கை சரியாக இருந்தது.

சிக்கல் பையின் மேல் ஒட்டியிருந்த சீட்டில்தான் இருந்தது. “சேகரித்த நாள் அக்டோபர் 2, நனைக்கும் நாள் டிசம்பர் 25” என்று அதில் எழுதியிருந்தது, அதாவது நீர் ஊற்றிப் பொரிக்கவைக்கும் வரை சரியாகப் பன்னிரண்டு வாரம். இந்த இனத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு அதுவே. ஆனால் அந்தக் கணக்கு இருபத்துநான்கு, இருபத்தைந்து பாகை வெப்பத்தில் வைத்த முட்டைகளுக்கு உரியது. நனைப்பதற்கு முந்தைய இரவு லென்ஸில் பார்த்தபோது, பொரியத் தயார் என்பதற்கு அடையாளமாகப் பொன் வளையத்துடன் கண்கள் முழுதாகத் தெரியும் நிலையில் பதினான்கு முட்டைகள்தான் இருந்தன. மற்றவற்றில் கருவின் கோடு தெரிந்ததே தவிர கண் தெரியவில்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். சீட்டில் தேதி அச்சிட்டிருக்கிறதே என்று நம்பி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த நீரைக் கலந்து பதினெட்டுப் பாகைக்குக் கொண்டுவந்து, நான்கு விரல் ஆழத்துக்கு ஊற்றினேன்.

சில மணி நேரத்தில் பதின்மூன்று குஞ்சுகள் வெளியே வந்தன. அவற்றுள் நான்கு, காற்றுப்பை நிரம்பாமல், நீந்த முடியாமல் தொட்டியின் தரையிலேயே வயிற்றை இழுத்துக்கொண்டு ஊர்ந்தன. பருவம் வருமுன் நனைத்தால் இப்படி நேர்வது கில்லி வளர்ப்போருக்குப் பழகிய துன்பம். விற்பவரைத் தொலைபேசியில் அழைத்து முட்டைகளை எந்த வெப்பத்தில் வைத்திருந்தார் என்று கேட்டேன். “ரூம் டெம்பரேச்சர்தான் சார்” என்றார். பெங்களூரின் அக்டோபர், நவம்பர் மாதத்து அறை நம் அறை அல்லவே! அந்தக் குளிரில் கரு மெதுவாகத்தான் வளர்ந்திருக்கும். தேதியை மட்டும் பொதுக்கணக்கில் போட்டுவிட்டார். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன்; ஆனால் வாங்குபவர் கையில் கிடைப்பது முட்டையோடு ஒரு தேதியும்தான், அந்தத் தேதி தவறினால் முட்டையும் வீண்.

நனைந்த தூளை இரண்டு நாளில் வடித்து, மறுபடி பிழிந்து, பழைய ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். நோத்தோ முட்டைகள் எல்லாம் ஒரே மழைக்குப் பொரிந்துவிடுவதில்லை. முதல் மழை பொய்த்துப்போனால் இனமே அழியும் என்பதால் ஒரு பகுதி பின்தங்கியே நிற்கும். ஐந்து வாரம் கழித்து, ஜனவரி 29 அன்று, இந்த முறை சீட்டைப் பார்க்காமல் கண்களைப் பார்த்து நனைத்ததில் இருபத்தொரு குஞ்சுகள் பொரிந்தன. இரண்டு மட்டுமே ஊர்ந்தன. ஆக ஐம்பதில் நீந்தும் குஞ்சுகள் இருபத்தெட்டு. விலைக்கு இது நல்ல கணக்குதான்.

வளர்ப்பு கடினமன்று. முதல் நாளிலிருந்தே காலையும் மாலையும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்), மூன்றாம் வாரத்திலிருந்து சிறிய கொசுப்புழு, மெதுவாக ஓடும் ஸ்பான்ஜ் பில்டர், மேலே மூடி. தொடக்கத்தில் உப்புப் போடாமல் விட்டதால் வெல்வெட் நோயில் நான்கை இழந்தேன். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தபோது உடல்மேல் பொன்தூள் தூவியதுபோல் தெரிந்தது அதுவே. பிறகு நான்கு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பு வீதம் சேர்த்துவந்தேன், திரும்ப வரவில்லை. மார்ச் நடுவில் பதினைந்து ஆண்களும் ஒன்பது பெண்களும் தெளிவாகப் பிரிந்து நின்றன.

விளம்பரப் படத்தில் இருந்த நீலம் உண்மையா என்பதே பலருக்கும் எழும் கேள்வி. முதல் வாரம் நான் எடுத்த படங்களில் மீன் சாம்பல் நிறமாகவே வந்தது. வாலின் சிவப்பு மட்டும் எந்த வெளிச்சத்திலும் மாறவில்லை. சிவப்பு நிறமியால் வருவது, நீலமோ செதில் ஒளியைத் திருப்பி அனுப்பும் கோணத்தால் வருவது. ஆகவே ஐந்து சென்டிமீட்டர் அகலமே உள்ள சிறு கண்ணாடிப் பெட்டியில் ஆணை விட்டு, பின்னால் கறுப்புச் சார்ட் தாளை ஒட்டி, பிளாஷைக் கேமராவிலிருந்து பிரித்துப் பெட்டிக்கு நேர் மேலே, சற்று முன்தள்ளி வைத்தேன். நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் கண்ணாடிக்கு இம்மியும் சாயாமல் நேராக நிற்க வேண்டும். லென்ஸ் துளை எப் 11, 1/160 நொடி, குவியம் கண்ணில். இடம் மாற்றிய மீன் அரைமணி நேரம் வெளுத்துக் கிடக்கும் என்பதால் அவசரப்பட்டுப் பயனில்லை. பக்கத்துப் பெட்டியில் இன்னொரு ஆணைக் காட்டியதும் துடுப்புகளை விரித்து உடலை ஒருபக்கமாக வளைத்தது. அந்த ஒரு கணத்தில் தோள் முதல் வால்வரை ஒவ்வொரு செதிலும் நீலமாக எரிந்து, ஓரத்தில் சிவப்புக் கோடு வலைபோல் ஓடியது. விற்பவரின் படம் பொய்யில்லை.

பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தப் பை உகந்ததன்று. அவர்கள் சென்னைக் கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகளில் ‘கோல்டன் வொண்டர்’ என்று விற்கும் மஞ்சள் மீனை வாங்கலாம். அதுவும் கில்லிதான், நம் தென்னிந்திய நீர்நிலைகளின் அப்லோகைலஸ் லீனியேட்டஸ் இனத்திலிருந்து தேர்ந்தெடுத்து வளர்த்தது. தலையுச்சியில் வெள்ளைப் புள்ளி மின்னும் இந்த மீனை மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்பார்கள். நூல்கற்றையில் முட்டையிட்டு இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும், சீட்டும் தேதியும் தேவையில்லை.

குந்தெரி அதிகம் போனால் ஓராண்டுதான் இருக்கும் என்பதை வாங்குமுன் அறிந்திருப்பது நல்லது. இதே விற்பவரிடம் மீண்டும் வாங்குவேனா என்றால் வாங்குவேன், ஏற்கெனவே ஜூனில் ஒரு பை வாங்கியும்விட்டேன். இம்முறை சீட்டில் தேதிக்குக் கீழே “22 டிகிரி” என்று பேனாவால் எழுதியிருக்கிறார்.