தமிழ் எழுத்தை வெட்டிப் பார்த்து வாங்குங்கள்: கைவினைக்கு ஒரு வினைல் வெட்டும் இயந்திரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதியை, பசையுள்ள நெகிழித் தாளான வினைலை எழுத்தாகவும் படமாகவும் வெட்டும் ஓர் இயந்திரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தலுக்குப் பெயர், தீபாவளிக்கு வாசலில் ஒட்டும் கோல ஸ்டிக்கர், தாம்பூலப் பைக்கு மணமக்கள் பெயர், பிறந்தநாள் கேக்கின் மேல் செருகும் அட்டை எழுத்து என்று பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலைக்கு இது என் இரண்டாவது இயந்திரம். முதலாவதை வாங்கியபோது விலையையும் அகலத்தையும் பார்த்தேனே தவிர, அதற்குத் தமிழ் வருமா என்று பார்க்கவில்லை.

அது ஒரு விளம்பரப் பலகைக் கடையில் கழித்துப்போட்ட, 72 சென்டிமீட்டர் அகலமுள்ள பழைய கட்டர். ஒரு சாண் அகலத்துக்கு மேல் எதையும் வெட்டாத எனக்கு அத்தனை பெரிய இயந்திரம் எதற்கு என்று அன்றே யாராவது கேட்டிருக்கலாம். அது ஓடத் தொடங்கினால் வீட்டில் தொலைக்காட்சி பார்க்க முடியாது. சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதனிடம் தோற்றது புள்ளியில்தான். இத்தகைய இயந்திரங்களில் கத்தி முனை தன் தண்டின் நடு அச்சில் இருப்பதில்லை; அதிலிருந்து சற்றே, பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர், விலகி நின்று இழுபட்டுக்கொண்டே வரும். அந்த விலகலைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இயந்திரம் ஒவ்வொரு வளைவிலும் கத்தியைத் திருப்ப வேண்டும். கணக்குப் பிசகினால் மூலைகள் மழுங்கும். வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்து மூடாமல் நூலளவு திறந்து நிற்கும். பெரிய எழுத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ‘நல்வாழ்த்துகள்’ என்ற ஒரே சொல்லில் நான்கு புள்ளிகள் இருக்கின்றன. எழுத்தின் உயரம் இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு புள்ளியும் கடுகைவிடச் சற்றுப் பெரியது. மூடாத புள்ளி, வேண்டாத வினைலை உரிக்கும்போது அதோடு சேர்ந்து போய்விடும். ‘நலவாழத்துகள்’ என்று ஒட்டிக்கொண்டு போத்தலைப் பள்ளிக்கு அனுப்ப முடியுமா?

ஆகவே இரண்டாவது இயந்திரத்தைத் தேடியபோது இந்தச் சொல்லையே சோதனைத் தாளாக வைத்துக்கொண்டேன். சொந்தமாக இயந்திரம் வைத்திருக்கும் உறவினர், தோழியர் வீடுகளில் மூன்று வகை இயந்திரங்களில் அதே சொல்லை அதே அளவில் வெட்டிப் பார்த்தேன். மூன்றிலும் புள்ளிகள் நான்கும் நின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கைவினைக்கென்று பெயரெடுத்த நிறுவனங்களின் 12 அங்குல இயந்திரங்களுக்கு வினைல் எளிய வேலைதான். அவற்றைப் பிரித்துக் காட்டுவது கத்தியன்று, மென்பொருள்.

அமெரிக்க நிறுவனத்தின் கிரிகட், தொடக்கக்காரருக்கு மிக இணக்கமானது. கைப்பேசியிலிருந்தே வெட்டலாம், பொருளின் பெயரைத் தேர்ந்தால் அழுத்தத்தை அதுவே வைத்துக்கொள்ளும். அதன் எக்ஸ்ப்ளோர் 3, மேக்கர் 3 ஆகியவற்றில், வினைலை ஒட்டி உள்ளே செலுத்தும் பாய் இல்லாமலே ஏறத்தாழ 3.6 மீட்டர் நீளம் வரை வெட்டலாம். ஆனால் அதற்கு அந்நிறுவனமே விற்கும் தனிவகைச் சுருள் வேண்டும். அதன் டிசைன் ஸ்பேஸ் மென்பொருள் இல்லாமல் இயந்திரம் இயங்காது. மென்பொருளுக்குக் கணக்கும், பெரும்பாலான வேலைகளுக்கு இணைய இணைப்பும் வேண்டும். 2021 மார்ச்சில், சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 படங்களுக்கு மேல் பதிவேற்ற முடியாது என்று அந்நிறுவனம் அறிவித்தது. பயனாளர்கள் பொங்கியெழுந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்றது நல்லதே. ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய பொருளின் சாவி வேறொருவர் கையில் இருப்பதை அந்த அறிவிப்பு காட்டிவிட்டது. ஒரு மழை பெய்தால் இணையம் படுத்துவிடும் எங்கள் தாமான் குடியிருப்பில் இது சின்னக் குறையன்று.

ஜப்பானின் பிரதர் நிறுவனத்துடைய ஸ்கேன்என்கட் வேறு வழியில் போகிறது. ஸ்கேனர் உள்ளேயே இருப்பதால், கணினியே வேண்டாம். வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் போட்ட புள்ளிக்கோலத்தை உள்ளே விட்டால் அதன் ஓரங்களைப் படித்து வெட்டித் தருகிறது. கோலம் போடும் கை உங்களுக்கு இருந்து கணினியில் வரையப் பொறுமை இல்லையென்றால், தயங்காமல் இதை வாங்கலாம். எனக்கோ நிலைமை நேர்மாறு. என் கோலம் வாசலிலேயே கோணும், கணினியில்தான் நேராகும்.

நான் வாங்கியது சில்லவெட் கேமியோ 4. ஜப்பானின் கிராஃப்டெக் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் இது. சுருளைத் தாங்கும் அமைப்பு இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்த நிறுவனத்தின் சுருளையும் பாயில்லாமல் செலுத்தலாம். மென்பொருளின் அடிப்படைப் பதிப்பு இலவசம். கணினியில் நிறுவிவிட்டால் இணையமின்றியே வரையலாம், வெட்டலாம். ஒரு குறையை வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்: எஸ்விஜி எனும் வகை வரைகோப்புகளை இலவசப் பதிப்பு திறப்பதில்லை. அதற்குப் பணம் கட்டி மேல்பதிப்புக்குப் போக வேண்டும், ஆனால் ஒருமுறை கட்டினால் போதும். நான் கட்டவில்லை. டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு வகைக் கோப்பை இலவசப் பதிப்பே திறக்கும் என்பதால் வேலை நடக்கிறது.

தமிழில் வெட்டும் எவருக்கும் இங்கே ஒரு வழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். வெட்டும் மென்பொருளுக்குள் தமிழைத் தட்டச்சு செய்யாதீர்கள். என் பழைய கட்டரோடு வந்த மென்பொருள், ‘கொ’வின் கொம்பைத் தூக்கிக் ககரத்துக்குப் பின்னே போட்டது, முன்னே வர வேண்டியது பின்னே வந்தால் ‘கொடி’ என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் சொல்லைத் தட்டி, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் கோடுகளை ஒன்றிணைத்த பிறகே கோப்பை மில்லிமீட்டர் அலகில் சேமியுங்கள். இணைக்க மறந்தால் எழுத்துக்கு நடுவிலேயே கத்தி குறுக்கே ஓடும். எழுத்துருவில் பலூ தம்பி போன்ற தடித்த, முனை உருண்டவை நன்றாக உரியும். அது கட்டற்ற உரிமத்தில் வருவதால் விற்பனைக்கும் பயன்படுத்தலாம். ஆப்பிள் கணினியிலேயே இருக்கும் இணைமதி நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. புள்ளியை வளையமாகப் போடும் எழுத்துருக்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வளையத்துக்குள் இருக்கும் துகளை எடுக்க ஊசி முனையும் போதாது.

விற்பவர்கள் அழுத்த விசையைப் பெரிதாகப் பேசுவார்கள். கேமியோ 4இல் கத்தி பொருத்தும் இரண்டு பிடிகளில் இரண்டாவது 5 கிலோ விசை தரும் என்பது உண்மைதான்; ஆனால் வினைலுக்கு முதல் பிடியின் 210 கிராமிலேயே மிச்சம் இருக்கிறது. ஜெர்மானிய ஓராக்கல் 651 வினைல் படலத்தின் பருமன் 0.06 மில்லிமீட்டரை ஒட்டியதுதான். கத்தி அதை மட்டும் அறுத்து, அடித்தாளில் நகக்கீறல் போன்ற தடம் விட்டால் சரி. தாளும் அறுந்தால் கத்தி நீண்டிருக்கிறது. போத்தலுக்கும் வாகனத்துக்கும் 651; சுவரில் ஒட்டிப் பிறகு உரிக்க வேண்டுமானால் அதே ஓராக்கலின் 631. சட்டையில் ஒட்டும் சூட்டுவகை வினைலைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். மறந்து ஒரு முழத்தை வீணாக்கியிருக்கிறேன். இதற்கு லேசர் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: பிவிசி வினைலை லேசரில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு ஆவி கிளம்பும், நெஞ்சுக்கும் இயந்திரத்துக்கும் கேடு.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வழியாக வரவழைப்பவர்கள், சூட்டுவகை வினைலைச் சட்டையில் ஒட்ட உதவும் சூட்டு அழுத்தியை மட்டும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ளவை 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் வீட்டு மின்சாரத்தில் செருகினால் எரிந்துபோகும்.

இயந்திரம் எதுவானாலும், வெட்டியபின் வேண்டாத வினைலை உரித்தெடுக்கும் வேலை கைக்குத்தான். ஆங்கிலத்தில் அதை ‘வீடிங்’, அதாவது களையெடுப்பு, என்கிறார்கள். எங்கள் அம்மா தோட்டத்தில் பல வருடம் களையெடுத்தவர். இதற்கும் அதே பெயர்தான் என்று சொன்னதும் சிரித்துவிட்டு, ஊக்கைத் திறந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். வினைலைச் செங்குத்தாகத் தூக்காமல், தாளோடு தாளாக மடித்துச் சாய்வாக இழுத்தால் சிறு துண்டுகள் பெயர்ந்து வராது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். இப்போதெல்லாம் எழுத்தை அடித்தாளிலிருந்து தூக்கும் ஒட்டுத்தாளை வைத்து, பழைய டச் அண்ட் கோ சுங்கக்கட்டண அட்டையால் நான் தேய்ப்பதற்கு முன், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புள்ளிகளை எண்ணிப் பார்ப்பவரும் அவரே.