நிஸ்ட் வெப்புக்: கணக்கைப் போட்ட பிறகு திறக்க வேண்டிய தளம்

வெப்ப இயக்கவியல் நடத்துகிறவன் நான். அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள், தொழில்நுட்ப நிறுவனம் (நிஸ்ட்) இலவசமாகத் தரும் வெப்புக் தளத்தில், பாய்மப் பண்புகள் பகுதியைத் திறக்காமல் எனக்கு வகுப்பு நகராது. பொருளையும் அலகையும் தேர்ந்தெடுத்து, வெப்பநிலையை நிலையாக வைப்பதா அழுத்தத்தையா என்று சொன்னால் அட்டவணை வந்துவிடுகிறது. தோற்றத்தில் அழகு கிடையாது, தேவையும் இல்லை.

கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். வாயுவின் அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை மூன்றையும் இணைக்கும் வாண்டர்வால்ஸ் சமன்பாட்டில் அதற்கான மாறிலிகள், லிட்டர், பார், மோல் அலகுகளில், ஏ 3.64, பி 0.04267. இவற்றிலிருந்து நிலைமாறு புள்ளியின் (திரவத்துக்கும் வாயுவுக்கும் வேறுபாடு மறையும் புள்ளி) வெப்பநிலை 304 கெல்வின், அழுத்தம் 74 பார் என்று வருகிறது. தளத்தில் 304.13 கெல்வின், 73.77 பார். மாணவர்கள் பூரித்துப்போகிறார்கள். பூரிக்க என்ன இருக்கிறது? அந்த ஏ, பி இரண்டுமே நிலைமாறு வெப்பநிலை, அழுத்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுத்தவை. போட்ட முதலையே திரும்ப எடுத்துவிட்டு லாபம் என்கிறோம்.

சாயம் வெளுப்பது கனஅளவில்தான். வாண்டர்வால்ஸ்படி நிலைமாறு புள்ளியில் அது பி-யின் மூன்று மடங்கு, மோலுக்கு 0.128 லிட்டர். அதே புள்ளியில் தளம் தரும் அடர்த்தி கனமீட்டருக்கு 467.6 கிலோ, அதை மாற்றினால் 0.094 லிட்டர்தான். 36 விழுக்காடு பிழை! 1976இல் வந்த பெங்-ராபின்சன் சமன்பாடு 0.105 தருகிறது, பிழை 12 விழுக்காடாகக் குறைகிறதே தவிர ஒழியவில்லை. எந்த வாயுவானாலும் நிலைமாறு புள்ளியில் அமுக்கத்திறன் காரணி (உண்மைக் கனஅளவுக்கும் இலட்சிய வாயுவின் கனஅளவுக்கும் உள்ள விகிதம்) ஒன்றேதான் என்று இரண்டும் சாதிக்கின்றன: முன்னது 0.375 என்கிறது, பின்னது 0.307 என்கிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு உண்மையில் 0.274, தண்ணீருக்கு 0.229. இந்த வேறுபாட்டை ஒரே மாலையில் மாணவர் தாமே கண்டுபிடிக்க முடிவதுதான் தளத்தின் பெருமை. விடையை எழுதாமல் அதைத் திறக்க நான் விடுவதில்லை.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கார்பன் டை ஆக்சைடுக்கு 75 பாரில் வெப்பநிலையை 5 கெல்வின் இடைவெளியில் கேட்டால், நிலைமாறு புள்ளிக்கு அருகே தன்வெப்பம் எட்டும் கூரிய உச்சி அட்டவணையில் சிக்காது. 304 முதல் 306 வரை 0.1 கெல்வின் இடைவெளியில் கேளுங்கள்.

தூய பொருள்கள் மட்டுமே இங்கே கிடைக்கும். இயற்கை எரிவாயு போன்ற கலவைக்கு அதே நிறுவனத்தின் ரெஃப்ப்ராப் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எங்கள் துறையின் நிதிப் பட்டியலில் அது இன்னும் ஏறவில்லை.