பேட்டரி மாற்றிய போனோடு குளியல் தொட்டியில் இறங்காதீர்கள்

தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற போனாகவே இருக்கட்டும். வெளிக்கடையில் ஒரு தடவை அதைத் திறந்து பேட்டரி மாற்றியிருந்தால், குளியலறைக்குள் கொண்டுபோகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் பேட்டரிக்குக் கொடுத்த 3,200 ரூபாயும் போனது, போனும் போனது.

எங்கள் வாடகை ஃப்ளாட்டில் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒரு குளியல் தொட்டி வைத்திருக்கிறார். லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் சென்னையில் இது ஊதாரித்தனம் என்று மனைவி வாரம் தவறாமல் சொல்வாள். குளித்த தண்ணீரை மொண்டு பால்கனி கழுவுகிறேன், மனசாட்சிக்கு அது போதும். ஞாயிறு மதியம் வெதுவெதுப்பாக நிரப்பி, கழுத்துவரை அமிழ்ந்து, தடிமனான ஒரு சரித்திர நாவலைத் திறந்து வைத்தால் சாப்பிடக் கூப்பிடும் குரல்கூடக் காதில் விழாது. காகிதப் புத்தகம் என்றால் ஆவியில் அட்டை வளைந்து பக்கங்கள் உப்பிவிடும். போனில் அந்தத் தொல்லை இல்லை. ஈர விரலைத் திரை மதிக்காதுதான். அதற்கு ஒலியளவுப் பட்டனை அழுத்தினால் பக்கம் திரும்பும்படி ஆப்பில் வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரி சீக்கிரம் இறங்க ஆரம்பித்ததால் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சீருடைப் பையன்கள் என்று எல்லாம் உள்ள கடை. கொடுப்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டேன்: மாற்றிய பிறகும் தண்ணீர் புகாமல் இருக்குமா? "100% இருக்கும் சார், கம்பெனி சீல் போட்டுத் தருவோம்" என்று பதில் வந்தது. பில்லில் மட்டும் 'பேட்டரி மாற்றம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரமே தொட்டியில் கை நழுவி போன் முழுகியது. உடனே எடுத்துவிட்டேன். முழங்கால் ஆழம்கூட இருக்காது. திரையில் பச்சையாக ஒரு கோடு ஓடியது, அப்புறம் கறுப்பு, அவ்வளவுதான்.

கடையில் சிம் தட்டை உருவி, டார்ச் அடித்து, உள்ளே சிவந்திருந்த சின்ன ஸ்டிக்கரைக் காட்டினார்கள். ஈரம் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும் அடையாளம் அது. "தண்ணி போயிருக்கு சார், இதுக்கு வாரண்டி கிடையாது." தண்ணீர் போகாது என்று எழுதிக் கொடுத்ததே நீங்கள்தானே என்று வாட்ஸ்அப்பைக் காட்டினேன். அது வேறு ஸ்டாஃப் அனுப்பியதாம், அவர் இப்போது வேலையில் இல்லையாம்.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அந்த அண்ணன் சூடாக்கிப் பின்கண்ணாடியைத் தூக்கி, இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். தண்ணீரைத் தடுக்க ஓரம் முழுக்க ஒரே வளையமாக இருக்க வேண்டிய ஒட்டு கேஸ்கெட் அங்கே இல்லவே இல்லை. பழையதைச் சுரண்டிய துணுக்குகள் மூலைகளில் அப்படியே இருந்தன. அவற்றின்மேல் டியூப் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்து அமுக்கியிருந்தார்கள். சார்ஜிங் துளைக்கு மேலே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. புது கேஸ்கெட் பெரிய விலையெல்லாம் இல்லை, பழசைச் சுத்தமாக எடுத்துவிட்டு ஒட்டப் பொறுமை வேண்டும், அதற்குத்தான் ஆளில்லை என்றார்.

புதுப் போனிலும் இந்த விஷயத்தில் ஏகப்பட்ட கொக்கி உண்டு. தூசியும் தண்ணீரும் எவ்வளவு புகாது என்று காட்டும் குறியீடான ஐபி68 என்பதில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்று கணக்கு இருக்கிறது. 8-க்கு ஆழத்தையும் நேரத்தையும் கம்பெனியே சொல்லிக்கொள்ளும். அதனால் ஒரு ஐபி68-ம் இன்னொரு ஐபி68-ம் ஒன்றல்ல. சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். சோப்பு நுரையும் வெந்நீரும் அதில் சேர்த்தி இல்லை. முழுகினால் தாங்கும் என்ற எண் இருப்பதாலேயே, ஹேண்ட் ஷவரைப் பீய்ச்சினாலும் தாங்கும் என்று அர்த்தமில்லை, அதற்குத் தனி எண். இத்தனை விளம்பரம் செய்கிற கம்பெனிகளே பொதுவாகத் தண்ணீர் சேதத்தை வாரண்டியில் சேர்ப்பதில்லை.

இப்படிப்பட்ட விளம்பரங்களுக்காக 2020-ல் இத்தாலியில் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும், 2022-ல் ஆஸ்திரேலியாவில் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலரும் அபராதம் விதித்தார்கள். அங்கே கம்பெனிகளையே கேள்வி கேட்கிறார்கள். இங்கே கடைக்காரரிடம் ஒரு வரி எழுதி வாங்குவதற்குள் நமக்கு மூச்சு முட்டுகிறது.

பேட்டரியோ திரையோ மாற்றப் போகிறவர்கள், புது கேஸ்கெட் போடுவதாகப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் கண்ணெதிரே ஒட்டச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தப் போன் தொட்டிக்கு லாயக்கில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். படிக்காமல் இருக்க முடியாது என்பவர்களுக்குத் தண்ணீர் புகாத கிண்டில் என்ற மின்புத்தகக் கருவி இருக்கிறது. அதில் 2018-ல் வந்த பேப்பர்வொயிட் மாடலிலிருந்தே, இரண்டு மீட்டர் நல்ல தண்ணீரில் 60 நிமிடம் தாங்கும் என்கிறார்கள். அதையும் திறந்து ஒட்டியிருந்தால் இதே கதைதான். சார்ஜரில் செருகிய எதையும் தொட்டிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. போன் போனால் வாங்கிக்கொள்ளலாம், மின்சாரம் உயிரையே எடுத்துவிடும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அதன் பிறகுதான் கடையிலிருந்து அழைப்பு வந்தது: கூகுளில் நான் போட்ட விமர்சனத்தை எடுத்துவிட்டால் பாதிப் பணம் தருகிறார்களாம். எடுக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், வாட்ஸ்அப் படம், மெக்கானிக் அண்ணன் திறந்தபோது எடுத்த போட்டோ மூன்றும் கையில் இருக்கின்றன. வழக்கு முடியும்வரை கடையின் பெயரை இங்கே எழுதுவதாக இல்லை, கமெண்டில் கேட்காதீர்கள்.