வாழைச் சேதத்தைப் பதிவு செய்ய ஜிபிஎஸ் கேமரா செயலி: பயன்படுத்திப் பார்த்ததில்

சத்தியமங்கலம் பக்கம் வாழை வைத்திருப்பவர்களுக்குச் சித்திரை, வைகாசி என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். கோடை மழை வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வரும் சூறைக்காற்று, தார் போட்ட நேந்திரனைக் கொஞ்ச நேரத்தில் வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போய்விடும். இந்த முறை எங்கள் ஊரில் சாளைகளின் (தோட்டத்து வீடுகளின்) சிமெண்ட் சீட்டும் பறந்தது, மின்கம்பமும் சாய்ந்தது. சேதத்தைப் பதிவு செய்ய, படத்தின் மேலேயே இடம், தேதி, நேரம் விழுகிற ஒரு கேமரா செயலியைப் பயன்படுத்தினேன். காசு கட்டாத பதிப்புதான்.

காற்று அடித்த அன்று கரண்டும் இல்லை, டவரும் இல்லை. ஆனாலும் அட்சரேகை, தீர்க்கரேகை சரியாக விழுந்தன. ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் இருந்து நேராக வாங்குவதால் அதற்கு டவர் வேண்டியதில்லை. மூலையில் வரும் குட்டி வரைபடம் மட்டும் வெறுமையாக இருந்தது. கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறையினரும் வருவதற்குள், பக்கக் கன்றைக் காப்பாற்றப் பலர் சாய்ந்த மரங்களை வெட்டி ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் பங்காளி அப்படி ஒதுக்கிய தோட்டத்துக்கு நான் எடுத்த படங்கள்தான் சாட்சி. “அம்மணி, இது எந்த சர்வே நம்பருங்க?” என்று வந்தவர் கேட்டார். படத்தில் குறிப்பு எழுதும் இடத்தில் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) உள்ள எண்ணையே போட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் மேற்கொண்டு கேள்வி வரவில்லை.

தொல்லைகளும் உண்டு. செயலியைத் திறந்த உடனே எடுத்தால் பழைய இடத்தையே காட்டும். வெட்டவெளியில் சற்று நின்று, எண்கள் மாறுவது நின்ற பிறகு எடுக்க வேண்டும். முகவரி வரியில் பக்கத்து ஊர்ப் பெயர் வந்துவிடுகிறது. ஆகவே ஊர்ப் பெயரை நம்பாமல் எண்களைப் பாருங்கள். நான்கு படத்துக்கு ஒரு விளம்பரம் குறுக்கே வருவது, சார்ஜ் குறைந்துகொண்டே போகும் நேரத்தில் எரிச்சலூட்டுகிறது. அப்புறம், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி எழுத்து மங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். மூலப் படத்தை போனில் இருந்து அழிக்க வேண்டாம்.

செயலியால் ஆகாத வேலை, எண்ணுவது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிப்படி சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பயிருக்கு நிவாரணம். ஆறுக்கு ஆறு அடியில் நட்டால் ஏக்கருக்கு 1,210 வாழை வரும். அதில் ஏறக்குறைய 400 மரம் போயிருக்க வேண்டும். ஒரு மரத்தை அழகாகப் படம் எடுத்துப் பயனில்லை. ஒவ்வொரு வரிசையின் முனையிலும் நின்று, வரிசை முழுவதும் தெரிய எடுத்து, சாய்ந்தது எத்தனை, நிற்பது எத்தனை என்று குறிப்பில் எழுதினேன். ஒடிந்த இடத்தைக் கிட்டத்தில் எடுப்பதும் முக்கியம். கூன்வண்டு துளைத்த தண்டில் ஓட்டையும் பிசினும் தெரியும். சுத்தமாக முறிந்த தண்டைக் காட்டினால் வண்டு மேல் பழி போட முடியாது.

திசைகாட்டி வசதியையும் போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் புயல் சேதம் பார்க்கப் போகிறவர்கள், மரங்கள் எந்தப் பக்கம் விழுந்திருக்கின்றன என்பதையும் கவனிப்பார்கள். ஃபுஜிட்டா என்ற அறிவியலாளர், ஓரிடத்தில் இருந்து வெளிப்பக்கமாக விரிந்து கிடந்த மரங்களைப் பார்த்துத்தான் இடிமேகத்தில் இருந்து கீழே பாயும் காற்றை அடையாளம் கண்டார். எங்கள் தோட்டத்திலும் அடுத்த தோட்டத்திலும் மரங்கள் ஒரே பக்கமாகக் கிடந்தன. முட்டுக் கொடுத்த சவுக்குக் குச்சியும் அதே பக்கம் ஒடிந்திருந்தது. இதைப் படத்தில் காட்ட முடிந்ததால், முட்டு சரியில்லை என்ற பேச்சே எழவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். இந்த ஒரு வேலைக்காகக் காசு கட்டும் பதிப்பு வாங்க வேண்டியதில்லை. பங்குனியிலேயே போனில் ஏற்றி, சர்வே எண்ணை எழுதி, பவர் பேங்கையும் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டால் போதும்.